ஆய்வேட்டில் காணாமல்போன எழுவாய்

'தோட்டத் தொழிலாளர்களது வாழ்க்கைத்தரமானது மிகவும் பின்தங்கிய நிலையில் காணப்படுகின்றமையை அவதானிக்கக்கூடியதாக உள்ளது.'

மலையகத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பட்டப்படிப்பு ஆய்வேடுகளுக்கு இந்த நடை நன்கு பழகியது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சந்தி சரி, வேற்றுமை சரி, பயனிலையும் ஒழுங்காக வந்து முடிகிறது. ஆனாலும் வாசித்து முடித்தபின் மனதில் எதுவும் தங்குவதில்லை. எந்தத் தோட்டம்? எதைவிடப் பின்தங்கியது? அவதானித்தவர் யார், எப்போது, எதை வைத்து? 'ஆனது', 'நிலையில்', 'காணப்படுகின்றமை', 'அவதானிக்கக்கூடியதாக' என்று அடுக்கடுக்காக வரும் சொற்கள், சொல்ல வேண்டிய ஆளையும் இடத்தையும் அளவையும் மூடிவிடுகின்றன.

இந்த வாக்கியத்தை, பதுளை மாவட்டத்து மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டிய ஒரு மாணவி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய குறிப்புக் கொப்பியில் இருப்பதே வேறு. ஒரு லயக் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் போகிறார்கள், எத்தனை குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம், மழைக்கு எந்தக் கூரை ஒழுகுகிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது. இவ்வளவையும் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவர், ஆய்வேடு எழுத உட்கார்ந்ததும் 'பின்தங்கிய நிலையில் காணப்படுகின்றது' என்று எழுதிவிட்டு நகர்கிறார். கொப்பியில் இருந்ததைக் கட்டுரைக்குள் திரும்பக் கொண்டுவருவதே திருத்தி எழுதுவதன் முதல் வேலை. 'சென்ற 40 வீடுகளில் 27 இல் ஐந்து பேருக்கு மேல் ஒரே காம்பராவில் உறங்குகிறார்கள்' என்று எழுதினால் போதும். எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. வாக்கியத்தின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். 'மிகவும்' என்ற சொல் தானாகவே தேவையற்றுப் போய்விடுகிறது. பின்தங்கியதா இல்லையா என்பதை வாசிப்பவரே முடிவு செய்துகொள்வார்.

மடுல்சீமைப் பிள்ளைகளுக்கு ஆய்வு என்பது தூரத்து விஷயம் அல்ல. பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கும் பாதையிலேயே, பதுளை பசறை வீதியில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 2005 இல் தொடங்கப்பட்டது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊவா நிலையம் இருக்கிறது. விஞ்ஞானம் படிப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். கலைத்துறைக்குப் போகிறவர்கள் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் தமிழில் எழுதுகிறார்கள். மொழி எதுவானாலும் குறை ஒன்றுதான். 'காணப்படுகின்றது' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்திலும் நேர் உறவுகள் உண்டு. அவற்றையும் இதே மாணவர்கள் இதே தாராளத்துடன் பயன்படுத்துகிறார்கள்.

இந்த நடை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நூலகத்து அலுமாரியிலிருந்து. முன்னால் படித்தவர்களின் ஆய்வேடுகளைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் எழுதக் கற்கிறார். அங்கே எல்லாம் 'மேற்கொள்ளப்பட்டது' என்று இருந்தால், 'செய்தேன்' என்று எழுதக் கை கூசும். படிப்பு இல்லாதவர் எழுதியது போல் ஆகிவிடுமோ என்ற பயம். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு இந்தப் பயம் இன்னும் கூடுதலாக இருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்தால் அவர் பாடுபட்டுச் சேர்த்த தகவல் தாளில் ஏறாமல் போகிறதே, அது பெரிய இழப்பு.

ஒருவர் எதை வாசித்து வளர்கிறாரோ அதுவே அவர் எழுத்தாகிறது என்பதற்குக் கும்பகோணத்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. சீனிவாச இராமானுஜன் கணிதத்தைப் பெரும்பாலும் கார் என்பவரின் தொகுப்பு நூல் ஒன்றிலிருந்து தாமே கற்றார். அது ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாகச் சொல்லும் நூல். நிறுவல்கள் சுருக்கமாக வரும், பல இடங்களில் வரவே வராது. தாள் வாங்கக் காசு போதாமல் இராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அவருடைய எழுத்தும் அப்படியே அமைந்தது: முடிவு இருக்கும், வந்த வழி இருக்காது.

பேர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை 1911 இல் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. சஞ்சிகையின் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், பெங்களூர் மத்திய கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணக்கில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எழுத்து மிகவும் இறுக்கமாகவும் தெளிவு போதாமலும் இருந்தது. சாதாரண வாசகரால் பின்தொடர முடியவில்லை. அதனால் கைப்பிரதி ஆசிரியருக்கும் இராமானுஜனுக்கும் இடையே திரும்பத் திரும்பப் போய்வந்தது. இந்த நாராயண ஐயங்காரின் பெயர் இன்று அதிகம் பேசப்படுவதில்லை. படிகளை நிரப்பு, வாசிப்பவருக்கு வழி விடு என்று பொறுமையாகக் கேட்டுத் திருத்தி வாங்கிய ஓர் ஆசிரியர் இருந்ததால்தான் அந்த முதல் கட்டுரை அச்சேறியது.

சுருக்கம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மடுல்சீமை மாணவியின் வாக்கியத்தில் சொல் அதிகம், தகவல் குறைவு. இராமானுஜனின் முதல் கைப்பிரதியில் தகவல் அதிகம், சொல் குறைவு. இரண்டிலும் வாசிப்பவர்தான் கஷ்டப்படுகிறார். ஆகவே 'இருபது வீதம் குறை' என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது திருத்தம் ஆகாது.

வெட்டுவதற்கு வேறு காரணங்களும் வரும். 1914 இல் கேம்பிரிட்ஜ் போன இராமானுஜன், அடுத்த ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் 'மிகு பகு எண்கள்' பற்றி அறுபது பக்கத்துக்கும் மேற்பட்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். யுத்த காலம், கழகத்துக்குப் பண நெருக்கடி. கட்டுரையின் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் அச்சிட்டார்கள். விடுபட்ட பகுதி கையெழுத்திலேயே கிடந்து, 1997 இல்தான் இராமானுஜன் பெயரிலான சஞ்சிகையில் குறிப்புகளோடு வெளிவந்தது. எண்பது ஆண்டுக்கு மேல். செலவுக்காக வெட்டியதை எடுத்து வைத்தால் அது என்றாவது உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆய்வேட்டிலிருந்து எடுக்கும் பந்திகளை அழிக்காமல் வேறொரு கோப்பில் போட்டு வைக்கும்படி மாணவர்களிடம் சொல்வது இதற்காகத்தான்.

இனி எழுவாய்க்கு வருவோம். மலையக ஆய்வேடுகளில் மொழித் திருத்தம் வரலாற்றையே திருத்தும் இடம் அது.

'1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன.' இதைப் போன்ற வாக்கியம் இல்லாத முன்னுரை அரிது. செயப்பாட்டு வினை, எழுவாய் இடத்தில் குடியுரிமை நிற்கிறது, பறித்தவர் இல்லை. நடையைத் திருத்துகிறவர் இங்கே கேட்கும் கேள்வி எளிமையானது: பறித்தது யார்? பதில் எழுதப் போனால் சட்டத்தைத் தேட வேண்டிவரும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தை டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் கொண்டுவந்தது, பாராளுமன்றம் நிறைவேற்றியது. வம்சாவளியால் குடியுரிமை பெற, தந்தை வழியில் முன்னோர் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். பிறப்புப் பதிவே இல்லாத தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரால் அதைக் காட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்து, கடுமையான நிபந்தனைகளோடு பதிவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னது. வாக்குரிமையை எடுத்தது அதே 1949 இல் வந்த 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் திருத்தச் சட்டம்.

அதாவது அந்த ஒரு வரி வாக்கியத்தில் ஆண்டே பிழை. குடியுரிமை 1948, வாக்குரிமை 1949. இரண்டும் வேறு வேறு சட்டங்கள். 'பறிக்கப்பட்டன' என்று எழுதிய வரைக்கும் இந்தப் பிழை தெரியவே இல்லை. 'பறித்தது' என்று மாற்றப் போனதும் தெரிந்துவிட்டது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் 2003 இன் குடியுரிமை வழங்கும் சட்டத்தையும் பற்றி எழுதும்போதும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். 'அனுப்பப்பட்டனர்' என்ற சொல்லுக்கு முன்னால் யார், யாரை, எந்தக் கணக்கில் என்று எழுதினால் பந்தியின் உருவமே மாறும்.

பதுளை மாவட்டத்திலேயே இதைவிட நெருக்கமான உதாரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதைப் பற்றி எழுதுகிறவர் 'மக்களுக்கு ஏற்கெனவே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது' என்று எழுதினால், பழி மெதுவாகச் செத்தவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எச்சரித்தது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 2005 இலும் 2011 இலும். சரி, அந்த எச்சரிக்கை யார் கைக்குப் போனது? தோட்ட நிர்வாகத்துக்கா, பிரதேச செயலகத்துக்கா, லயத்தில் இருந்த குடும்பங்களுக்கா? எழுத்திலா, வாய்மொழியிலா? எந்த மொழியில்? போகச் சொன்னவர்கள் போவதற்கு இடம் காட்டினார்களா? இந்தக் கேள்விகள் எல்லாம் 'விடுக்கப்பட்டிருந்தது' என்ற ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. இந்த இடத்தில் வாக்கியத்தைத் திருத்துகிறவர் மறுபடியும் ஆவணத்தைப் பார்க்க எழுந்து போகத்தான் வேண்டும். நியாயமும் அதுதான்.

செயப்பாட்டு வினையே கூடாது என்று சிலர் சொல்வது மிகை. 'இலைகள் சூட்டடுப்பில் உலர்த்தப்பட்டு நிறுக்கப்பட்டன' என்ற வாக்கியத்தில் உலர்த்தியவரின் பெயர் யாருக்கும் தேவையில்லை, முறைதான் தேவை. தேயிலைக் கொழுந்தின் ஈரப்பதனை அளந்த கட்டுரையில் அப்படியே விட்டுவிடலாம். செய்தவர் யார் என்பதால் பொருள் மாறும் இடத்தில்தான் அவரை மறைக்கக்கூடாது.

'நான்' என்று எழுதலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். சில துறைகளில் மேற்பார்வையாளர்கள் அதை விரும்புவதில்லை. 'ஆய்வாளரால் நேர்காணல்கள் மேற்கொள்ளப்பட்டன' என்ற சுற்றுவழி அப்படிப் பிறந்ததுதான். தன்மையில் எழுத அனுமதி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: 'இந்த ஆய்வுக்காக 22 பெண்கள் பேசினார்கள்.' நேர்காணப்பட்டவர் எழுவாய் ஆகிறார்.

'மேற்கொள்' குடும்பத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, பகுப்பாய்வு மேற்கொள்ளப்பட்டது, விஜயம் மேற்கொள்ளப்பட்டது. ஆய்தல், பகுத்தல், போதல் எல்லாம் நல்ல வினைகள். அவற்றைப் பெயராக்கிவிட்டு, பிறகு வினை இல்லாமல் தவித்து, 'மேற்கொள்' என்பதைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம். ஆங்கில எழுத்திலும் இதே பழக்கம் உண்டு. ஜோசப் வில்லியம்ஸ் தம் நடை நூலில் எதிர்த்ததும், ஹெலன் ஸ்வோர்ட் 2012 இல் நியூயோர்க் டைம்ஸில் நடைப்பிணப் பெயர்ச்சொற்கள் என்று பெயர் வைத்து எழுதியதும் இதைத்தான். தமிழில் கைவைத்தியம் சுலபம்: கணினியில் 'மேற்கொள்', 'காணப்படு', 'ஆனது', 'அந்தவகையில்', 'எனலாம்' ஆகிய ஐந்தையும் தேடச் சொல்லி, அகப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தை வாசித்துப் பார்ப்பது. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எந்த நட்டமும் இருக்காது.

வாக்கிய நீளம் தமிழுக்கே உரிய சங்கடம் ஒன்றைக் கொண்டுவருகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் பெயரெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் தொடுத்துக்கொண்டு போகலாம், மொழி தடுக்காது. உதாரணமாக இப்படி ஒன்று: 'பல ஆண்டுகளாகக் கம்பனிகளால் துப்புரவு செய்யப்படாது கைவிடப்பட்ட நிலையில் காடாகிப்போன தேயிலை மலைகளில் கொழுந்து பறிக்கும் வேளையில் குளவிக் கொட்டுக்கு இலக்காகும் பெண்களின் தொழிற்பாதுகாப்புத் தொடர்பான பிரச்சினைகள் கவனத்திற் கொள்ளப்பட வேண்டியவையாகக் காணப்படுகின்றன.' பிரச்சினை என்ன என்று தெரியும் முன்பே மூச்சு முட்டுகிறது. பிரித்தால்: 'சில தேயிலை மலைகளைக் கம்பனிகள் பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யவில்லை. அவை காடாகிவிட்டன. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டுகிறது.' கவனத்திற் கொள்ள வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. அதோடு, பிரித்த உடனே 'சில என்றால் எத்தனை?' என்ற கேள்வி எழுகிறது. நீண்ட வாக்கியத்தில் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1990 இல் ஜோர்ஜ் கோபன், ஜூடித் ஸ்வான் என்ற இருவர் அமெரிக்கன் சயன்டிஸ்ட் சஞ்சிகையில் விஞ்ஞான எழுத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வாசகர் வாக்கியத்தின் தொடக்கத்தில் தெரிந்த செய்தியையும் முடிவில் புதிய செய்தியையும் எதிர்பார்க்கிறார் என்பது அவர்களுடைய வாதத்தின் ஒரு பகுதி. ஆங்கிலத்துக்குச் சொன்னது அது. தமிழில் கடைசி இடம் வினைக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அழுத்தம் விழும் இடம் வினைக்குச் சற்று முன்னால் இருப்பது. 'குளவி கொட்டிய பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொழுந்து லொறியில் கொண்டுபோகிறார்கள்' என்று எழுதும்போது லொறிதான் காதில் விழுகிறது. 'கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்' என்றால் ஆஸ்பத்திரி. கட்டுரையின் வாதம் அம்புலன்ஸ் இல்லை என்பதானால் முதல் வாக்கியம்தான் வேண்டும்.

தொனியில் இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. ஒரு பக்கம் அனுதாபம். 'அப்பாவி மக்கள்', 'பரிதாபகரமான வாழ்க்கை', 'இருண்ட வாழ்வு' போன்ற சொற்கள் மேடைக்குச் சரி. ஆய்வுக்கட்டுரையில் அவை வந்தால், பரீட்சகர் கீழே உள்ள அட்டவணையையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறார். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் எழுதும்போது கோபமும் துக்கமும் வரத்தான் செய்யும், வர வேண்டியதும்தான். அந்தக் கோபத்துக்கு வலுச்சேர்ப்பது 40 இல் 27 என்ற எண். மறு பக்கம் அளவுக்கு மீறிய உறுதி. ஒரு தோட்டத்தின் ஒரு டிவிசனில் 40 வீட்டைப் பார்த்துவிட்டு 'மலையகத்தில் அனைத்துத் தோட்டங்களிலும்' என்று எழுதுவது. முடிவை மடுல்சீமையோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை சிறுத்துப்போகாது. பண்டாரவளையிலும் அப்படித்தானா என்று பார்க்க இன்னொருவர் அடுத்த ஆய்வைத் தொடங்கலாம்.

'தற்போது' என்ற சொல்லும் தொனியைக் கெடுக்கும். 'தற்போது தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா' என்ற வரி 2021 மார்ச்சுக்குப் பிறகு எழுதிய பல கட்டுரைகளில் இருக்கும். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனது. கட்டுரை அப்படியே நிற்கிறது, வரி மட்டும் பொய்யாகிவிட்டது. 'தற்போது' வரும் இடமெல்லாம் மாதத்தையும் ஆண்டையும் போட்டால் பத்து வருடம் கழித்து வாசிப்பவருக்கும் அந்த வரி பயன்படும்.

மக்களின் பேச்சை மேற்கோள் காட்டும்போது கையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஓர் அக்கா, 'நோம் எடுத்தாத்தான் பேர் விழும், இல்லைன்னா அரைப்பேர்தான்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். நிர்ணயித்த கிலோ அளவு கொழுந்து பறித்தால்தான் முழு நாள் சம்பளம், குறைந்தால் பாதி என்பது பொருள். ஆய்வேட்டில் இது 'நிர்ணயிக்கப்பட்ட இலக்கினை அடையாத பட்சத்தில் ஊதியம் குறைக்கப்படுவதாகத் தகவல் வழங்குநர் குறிப்பிட்டார்' என்று மாறி நிற்கும். பேச்சை அப்படியே போட்டு, நோம், பேர், அரைப்பேர் மூன்றுக்கும் முதல்முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். அந்தத் தகவலுக்குச் சொந்தக்காரி அந்த அக்காதான். அவர் சொற்களைத் தூய்மைப்படுத்தும் உரிமை எழுதுகிறவருக்கு இல்லை.

மக்களின் பெயரிலும் நிதானம் தேவை. குடிசன மதிப்பீட்டு அட்டவணைகள் நீண்ட காலம் 'இந்தியத் தமிழர்' என்றே கணக்கிட்டு வந்தன. எழுதுகிறவர் 'மலையகத் தமிழர்' என்று எழுத விரும்பினால் அப்படியே எழுதட்டும். மதிப்பீட்டு எண்ணைத் தரும் இடத்தில் மட்டும், இது எந்தத் தலைப்பின் கீழ் எண்ணப்பட்டது என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும். பந்திக்கு ஒரு பெயராக மாற்றிக்கொண்டே போனால் மூன்று வேறு சமூகங்கள் என்று வெளியாள் நினைத்துவிடுவார்.

இலக்கணம் கடைசியில். பெரும்பாலோர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது வீண் வேலை. எடுத்து எறியப்போகிற பந்திக்கு ஒற்று மிகுந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்? எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால், வரும் பிழைகள் பெரும்பாலும் சில வகைக்குள்தான் இருக்கும். 'தொழிலாளர்கள் இருக்கிறது' போன்ற திணை, எண் மயக்கம், நீண்ட வாக்கியத்தில் எழுவாய் மறந்துபோவதால் வருவது. வாக்கியத்தைப் பிரித்தபோதே பாதி சரியாகியிருக்கும். 'ஒவ்வொரு குடும்பங்களும்' என்பது 'ஒவ்வொரு குடும்பமும்' ஆக வேண்டும். 'ஆய்வு கட்டுரை', 'தேயிலை தோட்டம்' என்று ஒற்று விடுபடுவது தட்டச்சு வேகத்தில் நேர்வது. மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத இடங்களும் நிறைய.

ஐயம் வந்தால் பார்க்க எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' கைக்கு அருகில் இருப்பது நல்லது. கல்முனையில் பிறந்து பேராதனையில் கற்பித்த அவர் அதை 1999 இல் வெளியிட்டார். இன்றைய எழுத்துத் தமிழை எடுத்து விளக்குவதால், சூத்திரம் மனப்பாடம் இல்லாதவர்களும் அதில் தேடியதைக் கண்டுபிடிக்கலாம். இலங்கைத் தமிழ் உரைநடைக்கு இந்த அக்கறை புதிதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு, பிழையில்லாமல் அச்சிடுவதை ஒரு கடமையாகவே செய்தார்.

வாய்விட்டு வாசிப்பதற்கு நிகரான சோதனை வேறு இல்லை. அதைவிட நல்லது, துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. பதுளைப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் படிக்கும் தங்கை வாசிக்கும்போது தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஏன் தடுமாறினாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். கோடு போட்ட இடத்தைப் பார்த்தால் எழுதியவருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அங்கே எழுவாய் இருக்காது, அல்லது இரண்டு எழுவாய் இருக்கும்.

மேற்பார்வையாளரின் சிவப்பு மையைப் பார்த்து மனம் உடைகிற மாணவர்களுக்கு இன்னொரு தமிழரையும் நினைவூட்டலாம். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை அஸ்ட்ரோபிசிக்கல் ஜேர்னலின் ஆசிரியராக இருந்தார். தம் சொந்த ஆராய்ச்சிக்கு நடுவில் பத்தொன்பது ஆண்டுகள் மற்றவர்களின் கைப்பிரதிகளோடு உட்கார்ந்தவர். 1983 இல் நோபல் பரிசு பெற்றவர். அப்படி ஒருவர் அந்த வேலைக்கு அவ்வளவு காலத்தைக் கொடுத்திருக்கிறார். திருத்தக் குறிப்பு வந்தால், ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக வாசித்திருக்கிறார் என்று அர்த்தம். குறிப்பே இல்லாமல் திரும்பி வரும் பிரதிதான் கவலைக்குரியது.

குறிப்புகளை வரிசையாகத் திருத்திக்கொண்டே போகாமல், முதலில் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ஒரே குறை எத்தனை இடத்தில் சுட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. 'யார்?' என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தால், எழுதாத இன்னும் அறுபது இடத்தில் அதே குறை இருக்கும். மேற்பார்வையாளர் எல்லா இடத்திலும் எழுத மாட்டார். அவருக்கு இன்னும் பல ஆய்வேடு இருக்கிறது.

ஒப்படைப்பதற்கு முன் சுருக்கத்தில் உள்ள எண்ணும் அட்டவணையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். திருத்தும்போது ஓரிடத்தில் மாற்றி மற்ற இடத்தை மறப்பது சாதாரணம். ஊர்ப் பெயர்களையும் அப்போதே பார்த்துவிடலாம். மடுல்சீமை, மடூல்சீமை, மடுல்சீம என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். எதை எழுதினாலும் ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே எழுத வேண்டும். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' போன்ற எண்ணிம ஆவணகங்களில் நாளை ஒருவர் இந்த ஊரைத் தேடும்போது, எழுத்துக்கூட்டலை வைத்துத்தான் கணினி ஆய்வேட்டை எடுத்துக் கொடுக்கும்.